ஊதுகுழலும் துருத்தியும்: அடுப்பங்கரைக் கருவிகள் குறித்த இலக்கிய மௌனம்

ஆய்வுச் சுருக்கம்

கொல்லனின் உலைக்களக் கருவிகளான துருத்தி, குருகு, கொடிறு ஆகியவை பழந்தமிழ்ப் பாடல்களில் பெயர்பெற்று உவமைகளாகவும் நிற்கின்றன. வீட்டு அடுப்பைப் பேணும் கருவிகளுக்கு அந்த இடம் கிட்டவில்லை. பெரும்பாணாற்றுப்படை, குறுந்தொகை, நற்றிணை, புறநானூறு, சிலப்பதிகாரம் ஆகியவற்றின் சில பகுதிகளை எடுத்துக்கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவி நிற்க வேண்டிய இடத்தில் பெண்ணின் கண், விரல், மூச்சு ஆகியவை வைக்கப்பட்டுள்ளன என்பதும், இன்றைய புழங்குபொருள் ஆய்வுகளும் அகராதிகளும் அம்மௌனத்தை வேறு வகையில் தொடர்கின்றன என்பதும் இதன் வாதம்.

திறவுச் சொற்கள்: ஊதுகுழல், துருத்தி, இடுக்கி, அட்டில், புழங்குபொருள், பெரும்பாணாற்றுப்படை, பென்னலூர்

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் வட்டத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் பென்னலூர். அதன் அண்டையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை தொடங்கப்பட்டது. உலோகத்தை வெட்டி, அழுத்தி, இணைக்கும் வேலை இவ்வட்டாரத்தின் அன்றாடமாகிவிட்டது. ‘பற்றவைத்தல்’ என்ற தமிழ்ச் சொல் ஒரு காலத்தில் இங்கும் அடுப்போடும் விளக்கோடும் சேர்ந்து ஒலித்தது. இன்று ‘பற்றவைப்பு’ என்றால் தொழிற்பயிற்சி நிலைய மாணவரின் நினைவுக்கு முதலில் வருவது வெல்டிங். தீயைப் பற்றிய ஒரு சொல் வீட்டிலிருந்து பட்டறைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. தமிழ் இலக்கியத்தில் இவ்வகை இடப்பெயர்ச்சி புதிதன்று. தீயைக் கையாளும் கருவி என்றதும் புலவரின் கண் அடுப்பங்கரையைத் தாண்டி உலைக்களத்துக்கே சென்றிருக்கிறது.

அடுப்பைப் பேணுதல் என்பது சமைத்தலின் வேறாக நோக்கப்பட வேண்டிய தனி வேலை. சுள்ளி அடுக்கி மூட்டுதல், ஊதுதல், விறகை உள்ளே தள்ளுதல், கொதி மிகும்போது வெளியே இழுத்தல், கங்கை எடுத்துக் கும்மட்டி அடுப்புக்கு மாற்றுதல், சாம்பல் அள்ளுதல், மறுநாளைக்கு மெழுகி வைத்தல் என அது நாள்தோறும் நீளும். ஊதுகுழல் (பேச்சில் ஊதாங்குழல்), இடுக்கி, பனையோலை விசிறி, கங்கைக் கிளறும் கோல், சாம்பல் அள்ளும் கொட்டாங்கச்சி, கரித்துணி ஆகியவை அவ்வேலையின் கருவிகள்.

இவற்றுள் ஊதுகுழலின் செயல்முறை தனிக் கவனத்துக்கு உரியது. வாயால் நேரே ஊதினால் காற்று பரவிச் சாம்பலைக் கிளப்பும். முகமும் புகைக்குள் குனிந்தாக வேண்டும். மூங்கிலோ இரும்போ ஆன ஒரு முழக் குழல் அம்மூச்சைச் சுருக்கி, சுடரின் அடியிலுள்ள கங்கின்மேல் செலுத்துகிறது. ஊதுபவரின் முகத்துக்கும் புகைக்கும் இடையே ஒரு முழ இடைவெளியையும் தருகிறது. தீயை வளர்ப்பதோடு கண்ணைக் காப்பதும் அதன் பயன். பின்வரும் பாடல்களைப் படிக்கையில் இந்த இரண்டாம் பயனை மறவாதிருத்தல் வேண்டும்.

உலைக்களத்தின் சொல்வளம்

சங்கப் பாடல்களில் கொல்லன் தன் கருவிகளோடு வருகிறான். நற்றிணை 125-ஆம் பாடலில் புற்றை அகழும் கரடியின் மூச்சுக்கு உவமையாவது உலையில் ஊதும் குருகு. பெரும்பாணாற்றுப்படையில் நண்டின் கவைத்த கால்களுக்குக் கொல்லனின் முறிந்த கொடிறு உவமை. உவமைக்குரிய பொருள் கேட்போர்க்கு நன்கு தெரிந்ததாக இருந்தாக வேண்டும். கொடிறு முறிந்தால் எப்படித் தோன்றும் என்பதுகூட அக்கால அவைக்குத் தெரிந்திருந்தது என்றே இவ்வுவமை காட்டுகிறது.

இவ்வரிசையில் மிகவும் நுட்பமானது குறுந்தொகை 172. தலைவனைப் பிரிந்த தலைவி தன் நெஞ்சின் ஓயாத வருத்தத்தைக் கூறும் பாடல் அது. ஏழு ஊர்களுக்கும் பொதுவாக ஓர் ஊரில் அமைந்த உலையின் துருத்தியோடு அவள் தன் நெஞ்சை ஒப்பிடுகிறாள். எல்லை அறியாது மிதிபடும் தோல் அது. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். பெண்பாற் புலவராகக் கொள்ளப்படும் அவரது பெயரிலுள்ள கச்சி காஞ்சியே. பென்னலூரும் அக்காஞ்சியின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில்தான் உள்ளது. ஒரு பெண்ணின் நெடுமூச்சை ஒரு பெண் புலவர் பாடுகிறார். நாள்தோறும் பெண்ணின் மூச்சே தீயை வளர்க்கும் இடமாகிய அடுப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எனினும் உவமை ஏழூர்ப் பொது உலைக்குப் போகிறது. ‘ஏழூர்ப் பொது’ என்ற அளவு இங்குத் தேவைப்பட்டது என்பது சரியான விளக்கம்தான். ஒரு வீட்டு அடுப்பால் அவ்வளவைத் தர இயலாது. ஆனால் வீட்டு வேலைக்கும் ஓர் எல்லையின்மை உண்டு என்பதை உவமையாக்கும் வழக்கு உருவாகவில்லை என்பதையும் அவ்விளக்கத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு கருவிப்பட்டியல்

தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டின் வாழ்க்கையை ஊர் ஊராகக் காட்டும் நூல். அதில் எயினர் குடியிருப்பைப் பற்றிய பகுதி கருவிகளுக்குப் பஞ்சமில்லாத ஒன்று. எயிற்றியர் எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை அகழ்ந்தெடுக்கின்றனர். அகழும் கோலின் இரும்பு முனையும் உளி போன்ற வாயும் சொல்லப்படுகின்றன. நிலத்திலேயே குழித்த உரலில் இடுகின்றனர். உலக்கை குறியது என்ற அளவுகூடத் தரப்படுகிறது. வற்றிய கிணற்றில் ஊறிய சிறு நீரை முகக்கின்றனர். வாய் உடைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றுகின்றனர்.

பானை அடுப்பில் ஏறியதும் கருவிப் பட்டியல் முடிந்துவிடுகிறது. அடுத்து வருவது ஆக்கிய உணவு. தோண்டல், குற்றல், முகத்தல் ஆகிய வேலைகளுக்குக் கருவியும் அதன் வடிவும் தந்த புலவர், முரிந்த அடுப்பில் தீயை நிலைநிறுத்தும் வேலையைச் சொல்லாமல் கடக்கிறார். முரிந்த அடுப்பில் காற்று எல்லாப் பக்கமும் புகும். அதில் எரிப்பது கட்டிய அடுப்பில் எரிப்பதைவிடக் கடினம் என்பதைச் சமைத்தவர் அறிவர். வறுமையின் அடையாளமாக ‘முரிந்த’ என்ற அடை போதுமானதாகிவிட்டது.

அதே நூலின் முல்லைப் பகுதியில் இடையன் தீக்கடைகோலாகிய ஞெலிகோலால் தீயை உண்டாக்கி, அத்தீயால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். தீக்கருவிக்குப் பெயர் உண்டு. துளை உண்டாகும் முறை சொல்லப்படுகிறது. அதில் புகும் மூச்சு இசையாகிறது. இசைக்குழலும் ஊதுகுழலும் அமைப்பில் நெருங்கிய உறவினர். இரண்டுக்கும் தமிழில் வினை ஒன்றுதான், ஊதுதல். மேய்ச்சல் நிலத்தில் ஊதிய மூச்சு பாட்டுக்குள் வந்தது. அட்டிலில் ஊதிய மூச்சு வரவில்லை.

கண்ணும் விரலும்

அடுப்பு இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. வறுமையைச் சொல்லும்போது அது தவறாமல் வருகிறது. புறநானூறு 164-இல் சமைத்தலையே மறந்துபோன அடுப்பில் காளான் பூக்கிறது. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் நிலையை எடுத்துரைக்கும் பாடல் அது. எரியாத அடுப்பு இவ்வாறு ஆழமாகப் பதிவாகியிருக்க, எரியும் அடுப்பின் அருகில் கருவியின்றி ஒரு பெண் மட்டும் நிற்கிறாள்.

குறுந்தொகை 167-இல் புதுமணப் பெண் முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை அவளுடைய குவளை போன்ற கண்களில் நிறைகிறது. நற்றிணை 120-இல் வேறொரு தலைவியின் மெல்விரல் அரிந்து அரிந்து சிவக்கிறது. புகையால் கண்கள் அமர்த்திருக்கின்றன. நெற்றி வியர்வையை ஆடைத் தலைப்பால் துடைக்கிறாள். இரண்டிலும் துணியின் வேலையை உடுத்த ஆடையும், அடுப்பின் நிலையைச் சொல்லும் வேலையைக் கண்ணும் செய்கின்றன. புகை கண்ணில் படுவதைப் பாட வேண்டுமானால் புகையைத் தள்ளி நிறுத்தும் கருவி அங்கே இருத்தல் கூடாது. பாடலின் அழகியல் அக்கருவியின் இன்மையைச் சார்ந்து நிற்கிறது.

குறுந்தொகை 167 கடிநகர் சென்று மீண்ட செவிலி நற்றாய்க்கு உரைத்தது. இல்லறச் சிறப்புக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறைகளில் அது பயிற்றப்பட்டு வருகிறது. அச்சிறப்பை மறுக்க வேண்டியதில்லை. தலைவன் உண்டு மகிழ்ந்தபோது அவள் முகத்தில் எழுந்த நுண்ணிய மகிழ்ச்சி தமிழின் அரிய காட்சிகளுள் ஒன்று. ஆனால் கண்ணில் நிறைந்த புகையை அன்பின் அணிகலனாகவே வாசிக்கும் பழக்கம் கேள்விக்குரியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-இல் வீட்டுக் காற்று மாசினால் உலகில் 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர். விறகும் சாணமும் கரியும் எரியும் அடுப்புகள் அதன் முதன்மைக் காரணம். இந்த எண்ணைக் கொண்டு சங்கப் புலவரைக் குற்றம் சாட்டுவது பேதைமை. அப்பாடலை இன்று பயிற்றும் ஆசிரியர் அந்த எண்ணை அறியாதவர்போல் உரை சொல்வது வேறு வகைப் பேதைமை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இச்சிக்கலை இன்னும் தெளிவாக்குகிறது. மதுரைப் புறஞ்சேரியில் மாதரி தந்த மனையில் கண்ணகி கோவலனுக்காகச் சமைக்கிறாள். வைக்கோலால் தீ மூட்டுபவள் ஆயர்மகள் ஐயை. காய் அரியும் கண்ணகியின் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சேக்கிறது. புகைபடிந்த அட்டிலிலிருந்து அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மூட்டுபவள் ஒருத்தி, சமைப்பவள் ஒருத்தி என்ற இப்பிரிவினை கவனத்துக்குரியது. வணிகர் குல மகளின் உடல் அடுப்பால் படும் பாடு மூன்று உறுப்புகளால் விரிக்கப்படுகிறது. நாள்தோறும் அடுப்பு மூட்டும் ஆயர்மகளின் கண் சிவந்ததா என்பது பாடப்படவில்லை. வைக்கோல் தீ சட்டென்று பற்றி விரைவில் அடங்குவது; இடைவிடாமல் ஊட்டிக்கொண்டிருந்தாலன்றி உலை கொதிக்காது. அவ்வேலையின் அளவை ‘வை’ என்ற ஓரெழுத்துச் சொல் தாங்குகிறது.

அதே காதையில் கோவலன் தெருவில் எதிர்கொள்வது பொற்கொல்லனை. அவனுக்குத் தரப்படும் அடைமொழி ‘கைக்கோல்’. இச்சொல்லைப் பற்றுக்குறடு எனக் கொள்வதும் உண்டு, கையிலேந்திய கோல் எனக் கொள்வதும் உண்டு. எப்பொருள் கொண்டாலும் கையிலுள்ள பொருளால் அவன் அறியப்படுகிறான். ஒரே காதையில், ஒரே நாளில், தீயோடு தொழில் செய்யும் இருவர். ஒருவர் கையில் பெயருள்ள பொருள் இருக்கிறது. மற்றவர் விரல் சிவக்கிறது.

புறநானூறு 26 இவ்வாதத்துக்குப் பிறிதொரு கோணம் தருகிறது. அதில் போர்க்களமே சமையற்களமாகிறது: முடித்தலைகள் அடுப்பு, குருதி உலைநீர், தொடியணிந்த தோள் துடுப்பு. அடுதல் என்ற சொல்லுக்குச் சமைத்தல், கொல்லுதல் என்ற இரு பொருளும் இருப்பதால் இவ்வுருவகம் தமிழில் இயல்பாகவே பொருந்துகிறது. அடுப்புக்கும் துடுப்புக்கும் இணை தேடிய உருவகம் ஊதுவதற்கோ விறகு தள்ளுவதற்கோ இணை தேடவில்லை. ஆண்களின் களத்துக்கு இடம் மாறிய சமையலிலும் தீப்பேணல் மட்டும் விடுபட்டுப்போகிறது.

பாட்டில்லாத வேலை

உரலும் உலக்கையும் இதே வீட்டுக்குரிய, இதே பெண்களின் கருவிகள்தாம். அவற்றுக்கு வள்ளைப்பாட்டு உண்டு. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் உலக்கை மாற்றி மாற்றிக் குற்றிப் பாடும் பெண்களைக் காணலாம். தொ. பரமசிவன் ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் உரலையும் உலக்கையையும் தனித்து எழுதும் அளவுக்கு அவற்றைச் சுற்றி வழக்கங்கள் திரண்டிருந்தன. ஆகவே ‘பெண்ணின் கருவி என்பதால் புறக்கணிப்பு’ என்ற எளிய விடை இங்குப் போதாது.

குற்றும்போது கை வேலை செய்கிறது, வாய் ஓய்ந்திருக்கிறது. இருவர் மாறி மாறிக் குற்றினால் தாளம் தானே அமையும். அடுப்பில் வேலை செய்வதே வாய். ஊதும் வாய் பாடாது. புகையில் திணறும் தொண்டையும் பாடாது. அதோடு ஊதுவது ஒருத்தி மட்டுமே; எதிர்ப்பாட்டுக்கு ஆள் இல்லை. தொழிற்பாடல் என்ற வகைமை, எந்த வேலையில் மூச்சு மிஞ்சுகிறதோ அந்த வேலையையே பதிவு செய்ய வல்லது. ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் இருக்கையில் அடுப்பூதும் பாட்டு என ஒன்று வகைமையாக உருப்பெறாததற்கு இவ்வுடலியல் காரணமும் சேர்த்து எண்ணப்பட வேண்டும்.

அடுப்பூதுதல் மொழிக்குள் நுழைந்தது பாட்டாக அன்று, வசையாக. அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்ற பழமொழியை அறியாத தமிழர் இலர். அதன் சொல்லமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. கொல்லன் துருத்தி ஊதுகிறான் என்பதில் வினைசெய்பவன், கருவி, வினை என மூன்றும் உள்ளன. ‘அடுப்பூதும் பெண்’ என்பதில் கருவி இல்லை, பெண்ணே குழல். பெண் கல்விக்காக வாதாடியோர் இப்பழமொழியை 20-ஆம் நூற்றாண்டு முழுதும் எதிர்த்தனர். அவர்களின் எதிர்ப்பு ‘படிப்பெதற்கு’ என்ற பிற்பகுதியின் மேல் விழுந்தது. முற்பகுதியில் ஒரு திறன் இழிவாக்கப்பட்டிருக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஈரவிறகை எரியச் செய்வது எவ்வகையிலும் அறிவில்லாதவர் செய்யும் வேலையன்று.

ஈரவிறகு என்றதும் நினைவுக்கு வருவது இளையான்குடி மாற நாயனார் வரலாறு. மழையிரவில் அடியவர் வந்திருக்க, விறகில்லாத நிலையில் நாயனார் கூரையின் மரங்களை அறுத்துத் தருகிறார். பென்னலூருக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பாடிய அவ்வரலாற்றில் தியாகத்தின் எடை விறகு கொணர்ந்த கணவன் மேல் நிற்கிறது. விதைநெல்லையும் பறித்த கீரையையும் அந்நள்ளிரவில் உணவாக்கிய மனைவியின் பங்கு கற்புடைமையாகப் போற்றப்படுகிறதேயன்றித் தொழில்திறனாகப் பேசப்படுவதில்லை.

மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எதிராக இரண்டு மறுப்புகளை எழுப்பலாம். முதலாவது, சங்க காலத்தில் வீட்டு அடுப்புக்கு ஊதுகுழல் பயன்படவே இல்லை என்பது. இலக்கியத்தில் இல்லாதது வாழ்க்கையிலும் இல்லை என்று கொள்வது எவ்வளவு பிழையோ, இன்று இருப்பது அன்றும் இருந்தது என்று கொள்வதும் அவ்வளவு பிழை. மூங்கிற்குழல் மண்ணில் மக்கிவிடுவதால் அகழாய்வை நம்பியும் முடிவு சொல்ல இயலாது. எனினும் இங்கு எழுப்பப்படும் வினா ஊதுகுழல் என்ற ஒரு பொருளைப் பற்றியதன்று. ஏதேனும் ஒரு கருவியால் தீ கிளறப்பட்டிருக்கும், ஏதேனும் ஒன்றால் சூடான பானை இறக்கப்பட்டிருக்கும். மேற்காட்டிய பாடல்கள் எதுவும் அதைக் கையில் தரவில்லை.

இரண்டாவது மறுப்பு வலியது. அகப்பாடல் சுருக்கமானது, கருவிப் பட்டியல் அதன் இயல்புக்குப் புறம்பானது. உண்மை. அதனால்தான் நெடும்பாட்டாகிய பெரும்பாணாற்றுப்படையின் சான்று இங்கு முதன்மை பெறுகிறது. பட்டியலிடும் இயல்புடைய நூலிலேயே பட்டியல் அடுப்பில் நின்றுவிடுகிறது.

அகராதியும் களமும்

தற்கால எழுத்து சமையலறையை நேர்நின்று பார்த்திருக்கிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ராஜஸ்தானத்து வீடொன்றில் அவ்வறை எங்கே, எப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையே கதையின் மையமாக்கியது. வட்டார எழுத்தாளர்கள் சொல்லகராதிகளும் தொகுத்தனர்: கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதி (1982), பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி (2000), கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி (2007). இவை புலவர் விட்டதைப் புனைகதையாளர் மீட்ட முயற்சிகள்.

குறை பல்கலைக்கழக ஆய்வேடுகளிடம் உள்ளது. புழங்குபொருள் என்ற தலைப்பில் வரும் இயல்களில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், செய்பொருள், பயன் என மூன்று கட்டங்கள் நிரப்பப்படும். ஊதுகுழல் – இரும்பு – அடுப்பு ஊத. இதில் பிழை எதுவும் இல்லை, அறிவும் இல்லை. சவுக்கு மிளாறுக்கும் வறட்டிக்கும் ஊதும் முறை ஒன்றுதானா, மரத்தூள் அடுப்புக்கு ஊதுகுழல் ஏன் வேண்டாம், குழலை வீட்டில் யார் கையில் முதலில் கொடுத்தார்கள், எந்த வயதில் என்ற வினாக்களுக்கு அக்கட்டங்களில் இடமில்லை. மரத்தூள் அடுப்பில் நடுவே கோலை நிறுத்தித் தூளை இறுக்கிக் கோலை உருவிவிட்டால் அத்துளையே காற்றின் வழியாகிறது. மூச்சின் வேலையைத் துளை செய்கிறது. கருவி ஒன்று தேவையற்றுப் போவதன் காரணத்தைக் கேட்கும் ஆய்வே அக்கருவியைப் புரிந்துகொள்ளும்.

பென்னலூர் போன்ற ஊர்களில் இவ்வினாக்களைக் கேட்பதற்கான காலம் சுருங்கிவருகிறது. 2006-க்குப் பின் தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புகளும், 2016-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டமும் விறகடுப்பை முற்றத்துக்கு ஒதுக்கின. அது நல்ல மாற்றம். கண்ணெரிச்சலைப் பண்பாடு என்று போற்றி வருந்துவோர் ஒரு வாரம் விறகில் சமைத்துப் பார்க்கலாம். மாற்றம் எல்லாக் கருவிகளையும் ஒரே அளவில் தாக்கவில்லை என்பதே ஆய்வுக்குரிய செய்தி. சூடான பாத்திரம் எந்த அடுப்பிலும் சூடாகவே இருப்பதால் இடுக்கி பிழைத்துக்கொண்டது. மின்தூண்டல் அடுப்பு வைத்திருக்கும் ஆலைத் தொழிலாளர் விடுதியிலும் அது இருக்கும். விசிறி வேறு வேலைக்குப் போயிற்று. சாம்பல் இல்லாமையால் பாத்திரம் துலக்கும் வழக்கமும் மாறிற்று. ஊதுகுழலுக்கு மட்டும் செல்லுமிடம் இல்லை.

பொங்கலன்று வாசலில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டும்போது ஊதுகுழல் கிடைக்காமல் அட்டைத்துண்டால் விசிறுகிறார்கள். அட்டை சுடரை அசைக்கும்; கங்கைத் தொடாது. அப்போது வீட்டின் மூத்த பெண் குனிந்து, கங்கு இருக்கும் இடம் பார்த்து, வாயால் ஊதுவார். தரவு திரட்டச் செல்வோர் ‘இதன் பெயர் என்ன’ என்று கேட்பதற்கு அங்கே பொருள் எதுவும் இராது. எங்கே பார்த்து ஊதினீர்கள் என்று அவரிடம் கேட்கலாம்.